ஓடுகிற கயிறு

டெய்லருக்குத் தண்ணீர் என்றால் சிறுவயதிலிருந்தே ஆகாது. நீச்சல் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும், கரைக்குப் போனால் அலை காலை நனைத்துவிடாத இடமாகப் பார்த்து நிற்கிற ஆள். அப்படிப்பட்டவர் நாற்பதைத் தாண்டிய வயதில் சிங்கி இறால் பிடிக்கப் படகு ஏறினார் என்றால், அதைக் கொடுமை என்பதா, கூத்து என்பதா? பார்த்தவர்களுக்கு அது கூத்துதான். ஏறியவருக்கு முதல் நாளிலிருந்தே ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஏறியதற்குக் காரணம் தெருமுனையில் வந்த ரெடிமேட் கடை. கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றுமாக அது வந்து உட்கார்ந்ததும், சட்டை தைக்க வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் அங்கே வாங்கிய சட்டையின் கையைக் குறைக்க மட்டும் இவரிடம் வந்தார்கள். நீளவாக்கில் ஒரே அறை, இரண்டு தையல் மெஷின்கள், துணி வெட்டுகிற மேசை, எல்லோரையும் கொஞ்சம் ஒல்லியாகக் காட்டுகிற ஒரு கண்ணாடி. அந்த அறையில் ஒரு மெஷினுக்கு உறை போட்டு மாதக்கணக்காகிவிட்டது. அதே சமயத்தில்தான் அவருடைய மனைவியின் தங்கை, அதாவது இவருக்கு மச்சினி, கடலில் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா விட்டுப்போன படகு அது. கூடவே வந்துகொண்டிருந்த ஆள் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

"ஏங்க, அவ ஒத்தையா கஷ்டப்படறா. நீங்க இங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாவா உக்காந்திருக்கேன்? ஜிப் மாத்திட்டு இருக்கேன்."

"ஒரு ஜிப்பை எத்தனை நாளைக்கு மாத்துவீங்க?"

மறுநாள் விடிந்ததும் படகுத்துறையில், மச்சினி எடுத்துக்கொடுத்த ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பேயறைந்தவர் போல நின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் தொளதொளவென்று இருந்தது. அளவெடுத்தே பிழைத்த மனுஷனுக்கு அது பெரிய அவமானம்.

"ஏம்மா, இதுல இன்னொரு ஆளே உள்ள வரலாம் போலிருக்கே. நான் வேணா உள்ளுக்குள்ள ஒரு பட்டை வெச்சுத் தெச்சுக்கட்டுமா?"

"ஊசியை அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க, அத்தான். காலை உதறினா பூட்ஸ் கழண்டு விழணும். அதுக்குத்தான் பெருசு."

"எதுக்குக் கழண்டு விழணும்?"

"அப்புறம் சொல்றேன்" என்று அவள் என்ஜினைக் கிளப்பினாள். ஐஸ் வண்டிக்காரர் கரையிலிருந்து, "ஊசி! பாத்துப் போய்ட்டு வாய்யா! காத்து பலமா இருக்கு, பறந்துடாதே!" என்று கத்தினார். டெய்லர் ஒல்லி என்பதால் துறையில் அவருக்கு வைத்த பேர் அது. அன்று மாலைக்குள் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலை இதுதான். இரும்புக் கம்பிச் சட்டத்தில் வலை பின்னிய கூண்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாற்றமெடுத்த மீன்துண்டுகளை இரையாகக் கட்டி, எல்லாக் கூண்டையும் ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகப் பிணைத்து, பாறை இருக்கிற இடமாகப் பார்த்து இறக்க வேண்டும். கயிற்றின் இரண்டு முனையிலும் மிதவை மிதக்கும். இறக்கியதை அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ போய்த் தேடிப்பிடித்து, கயிறு இழுக்கிற சக்கரத்தில் கொடுத்து, கூண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். வருகிற சிங்கிகளை எடுத்துக்கொண்டு, புது இரை வைத்து, திரும்ப இறக்க வேண்டும். கேட்பதற்கு என்னவோ துணி துவைத்துக் காயப்போடுகிற மாதிரித்தான் இருக்கிறது.

சிங்கியைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்குள் அவருடைய விரல்கள் கந்தலாகிவிட்டன. அதன் முதுகெல்லாம் முள். வாலை மடக்கி அடித்தால் கையுறையைத் தாண்டி வெட்டும். முதல் சிங்கி அடித்த அடியில் டெய்லர் அதைப் படகுக்குள்ளேயே போட்டுவிட்டு இரைப் பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டார். மச்சினி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. முதுகின் நடுவில், உறுதியாக, தயங்காமல் பிடிக்க வேண்டும். தயங்கினால் அதற்குத் தெரிந்துவிடும் என்றாள். வயிற்றில் முட்டை கட்டியிருப்பதையும் அளவுக்குச் சின்னதையும் திரும்பக் கடலில் விடவேண்டும். இந்த அளவு விஷயம் மட்டும் அவருக்குச் சட்டென்று கைவந்தது. மற்றதெல்லாம் தகராறுதான். குமட்டல் நின்றதே ஒரு வாரம் கழித்துத்தான்.

இதெல்லாம் சும்மா. உண்மையான பயம் கயிறு.

கூண்டு இறக்கும்போது படகு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். படகின் பின்பக்கம் தடுப்பு இல்லாமல் திறந்திருக்கும், கூண்டுகள் வழுக்கி இறங்கத் தோதாக. முதல் கூண்டைத் தள்ளியதும் அது மூழ்குகிற கனத்துக்குக் கயிறு சரசரவென்று ஓடும். ஓடி முடிந்ததும் அடுத்த கூண்டை வெடுக்கென்று இழுக்கும். அது போனதும் மறுபடி ஓட்டம். அந்த ஓட்டத்தில் குறுக்கே என்ன இருந்தாலும் கயிற்றுக்கு ஒன்றுதான். பலகையா, பெட்டியா, மனுஷன் காலா என்று அது பார்ப்பதில்லை.

"கயிறு ரெண்டு வகை, அத்தான்" என்றாள் மச்சினி. "சும்மா கிடக்கிற கயிறு, ஓடுற கயிறு. சும்மா கிடக்கிறதை மிதிச்சா நான் திட்டுவேன். ஓடுறதை மிதிச்சா, நான் திட்டறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

பூட்ஸ் ஏன் பெரிது என்று அப்போது அவருக்கு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

அதனால் பின்பக்கம் நின்று கூண்டு தள்ளுகிற வேலை எப்போதும் அவளுடையது. இவருக்கு முன்பக்கம், சின்னக் கூரைக்குக் கீழே சுக்கானையும் கியரையும் பிடித்துக்கொண்டு படகை நேராக விடுகிற வேலை. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, கழுத்துவரை பூட்டிக்கொண்டுதான் அவர் படகில் கால் வைப்பார். அவளுடையது உள்ளே ஓர் ஆணியில் தொங்கும். போட்டுக்கொண்டால் கூண்டு முனையில் மாட்டுகிறது என்பாள்.

அவள் அவருக்கு ஒரு பாடம் வைத்திருந்தாள். கூண்டு இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்பாள்.

"என்னைக் கயிறு இழுத்துட்டா முதல்ல என்ன?"

"கியர். நியூட்ரலுக்கு இழுக்கணும்."

"என்கிட்ட ஓடி வருவீங்களா?"

"வரமாட்டேன்."

"படகு ஓடுற வரைக்கும் கயிறு ஓடும். நீங்க என்னைப் பிடிச்சு இழுத்தா என்ஜின் இந்தப் பக்கம் இழுக்கும். ஜெயிக்கிறது என்ஜின்தான்."

"ஏம்மா, நீ அங்க கத்திட்டு இருப்பே. நான் உனக்கு முதுகைக் காட்டிட்டு முன்னாடி நிக்கணுமா? இது நடக்கிற காரியமா?"

"நடக்கணும் அத்தான்."

இதைக் கேட்டுக் கேட்டு, கரையிலும் அவருக்கு நிம்மதி போய்விட்டது. ஒரு மத்தியானம் கடையில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய பேண்டின் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நூல்கண்டு உருண்டு கீழே போய், நூல் கணுக்காலில் சுற்றிக்கொண்டது. மெஷின் ஓட ஓட நூல் இறுகியது. 'ஐயோ' என்று அலறி எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டார். பேண்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல, எறும்பு" என்றார் டெய்லர்.

மனைவியிடம் சொல்லலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? உன் தங்கச்சி செய்கிற வேலையை என்னால் பார்த்துக்கொண்டு நிற்கக்கூட முடியவில்லை என்றா?

இன்னொரு நாள் காலை வானம் சுத்தமாக இருந்தது. காற்று மட்டும் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. பழைய கூண்டுகளைத் தூக்கி, இரை மாற்றி, பாறைக்கு மேற்குப் பக்கமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கூண்டுகள் போயாகிவிட்டது. டெய்லர் சுக்கானைப் பிடித்தபடி, கூண்டு விழுகிற 'தொப்' சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொப்புக்கும் ஒரு மூச்சு விடுவார். அடுத்த தொப் வரவில்லை.

"அத்தான்!"

திரும்பினார். ஒரு கூண்டின் மேல்கதவு கொக்கி விட்டு ஆடியிருக்கிறது. திறந்த கூண்டு கீழே போனால் அன்றைய இரையும் உழைப்பும் வீண். அதைச் சாத்த, தன் இடத்தை விட்டு ஓரடி எடுத்து வைத்திருக்கிறாள். அவருக்கு அத்தனை தடவை பாடம் நடத்தியவள்தான். கொக்கியைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது, கையோடு காலும் போய்விட்டது. கயிறு பூட்ஸுக்கு மேலே, முட்டிக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. கூண்டு அவளை முந்திக்கொண்டு விழுந்தது. அவள் பலகையில் மல்லாந்து, பின்விளிம்பை நோக்கி வழுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் என்ன? கியர். அவருக்கு அது தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த நேரத்தில் கியர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. சுக்கானை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். இரைப் பெட்டியைத் தாண்டி விழுந்து எழுந்து, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பிடித்ததும் தெரிந்துவிட்டது. அப்படி ஓர் இழுப்பை அவர் வாழ்க்கையில் உணர்ந்ததில்லை. அவளுடைய கால் தண்ணீருக்கு மேலே நேராக நீண்டிருந்தது. முகம் அவர் முகத்துக்குப் பக்கத்தில். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. யாரும் ஓட்டாத படகு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவருடைய பெரிய பூட்ஸ் ஈரப் பலகையில் வழுக்கியது. ஒரு முட்டி விளிம்புக்கு வந்துவிட்டது. கீழே தண்ணீர் கறுப்பாக ஓடியது. தானும் போகப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

அவர் கை திறந்துகொண்டது.

"விடுங்க!" என்று அவள் கத்தியது அதற்குப் பிறகுதான்.

அவள் போய்விட்டாள். தண்ணீரில் ஒரு வெள்ளைக் குழி விழுந்து மூடியது. டெய்லர் நாலு காலில் தவழ்ந்து முன்னால் போனார். எப்படிப் போனார் என்று பிறகு அவராலேயே சொல்ல முடியவில்லை. கியரை இழுத்தார். என்ஜின் உறுமல் தணிந்தது. படகு மெதுவாகி, ஆடி நின்றது. அவ்வளவு அமைதியை அவர் எங்கும் கேட்டதில்லை. பின்னால் வந்து பார்த்தார். கயிறு செங்குத்தாக இறங்கிப் போயிருந்தது. அதன் நுனியில் யாரோ இருக்கிறார்கள் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

"ஏம்மா!" என்றார். மச்சினியைக் கூப்பிட ஒரு பேர் இருக்கிறதே, அதுகூட அப்போது வாயில் வரவில்லை.

கயிற்றைத் தூக்கிச் சக்கரத்தில் கொடுத்தார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை பற்றிக்கொண்டு கிறீச்சிட்டபடி சுற்ற ஆரம்பித்தது. கயிறு ஏறிக்கொண்டே வந்தது. வெறும் கயிறு. தண்ணீர் சொட்டுகிற வெறும் கயிறு. அவர் அழுதுகொண்டிருந்தார். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பு வந்தது; அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்போது படகுக்கு அந்தப் பக்கம், அவர் பார்த்துக்கொண்டிராத பக்கம், யாரோ இருமினார்கள்.

படகு நின்றதும் கயிறு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த சுற்று நழுவிப் பூட்ஸின் மேல் இறங்கியிருக்கிறது. அவள் காலை உதறி, பூட்ஸைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மேலே வந்திருக்கிறாள். டெய்லர் கையில் கிடைத்த மிதவையை வீசினார். அது அவள் தலையிலேயே விழுந்தது. "என்னைக் கொல்லவா பாக்கறீங்க?" என்றாள் மூச்சு வாங்கியபடி. அவர் இழுக்க, அவள் ஏற, இரண்டு பேருமாகப் பலகையில் விழுந்தார்கள். அவள் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தாள். அவர் அவளுடைய முதுகைத் தடவப் போனார். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

துறையில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஐஸ் வண்டிக்காரர் அவர் தோளைத் தட்டி, "ஊசின்னு சொன்னேன், மன்னிச்சுக்க. நீ இரும்புய்யா" என்றார். மச்சினி காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

"பதறிப் போய்க் கையைத்தான் பிடிச்சாரு. 'விடுங்க, கியரைப் பாருங்க'ன்னு கத்தினேன். உடனே விட்டாரு பாருங்க! வேற ஆளா இருந்தா பிடிச்சுட்டே இருந்து ரெண்டு பேரும் போயிருப்போம்."

கதை நன்றாக இருந்தது. ஒரே ஒரு இடம்தான் மாறியிருந்தது. வீட்டில் மனைவி அவருடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்கு அவளைத் திருப்பிக் கொடுத்தது இந்தக் கைதாங்க" என்றாள். டெய்லர் கையை மெதுவாக உருவிக்கொண்டார். தட்டில் இருந்த சோறு ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்து கையை விட்டேனா, பயந்து விட்டேனா? அவருக்குப் பதில் தெரியும். தெரிந்ததால்தான் சோறு இறங்கவில்லை.

கூண்டுகள் கடலுக்குள் கிடந்தன. இரை தீர்ந்தால் உள்ளே போன சிங்கிகள் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும், விட்டுவைக்க முடியாது. மச்சினியின் கால் முட்டிவரை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. நொண்டிக்கொண்டு நிற்கலாம், சுக்கான் பிடிக்கலாம். ஆடுகிற பின்பக்கத்தில் நின்று கூண்டு தள்ள முடியாது. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காற்று அடங்கிய ஒரு காலையில் இரண்டு பேரும் போனார்கள். அன்று அவளும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கூண்டுகளைத் தூக்குகிறவரை வேலை ஓடியது. பிறகு இறக்க வேண்டிய நேரம் வந்தது. டெய்லர் பின்பக்கம் போய், அவள் காட்டிய பலகையில் காலை வைத்தார். எதிரே வளையம் வளையமாகக் கயிறு கிடந்தது. சும்மா கிடக்கிற கயிறு. கூண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் முன்பக்கம் கியரில் கை வைத்துக்கொண்டு, அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"ஏம்மா."

"சொல்லுங்க அத்தான்."

"நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் கையை விட்டுட்டேன்."

என்ஜின் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள். "உங்க கை போனப்புறம்தான் எனக்கு 'விடுங்க'ன்னு குரல் வந்துச்சு."

"பின்ன ஏன் எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னே?"

"அக்காகிட்ட வேற எப்படிச் சொல்லச் சொல்றீங்க?"

"பயந்துதான் விட்டேன்மா. கியரை நினைச்சு விடல. நான் போயிடுவேன்னு விட்டேன்."

"விட்டப்புறம் கியர்கிட்டதானே போனீங்க? வேற எங்கயும் போகலையே."

படகில் வேறு எங்கே போவது என்று அவர் கேட்கவில்லை. அவளுடைய பதில் அவருக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் அவள் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவள் கோபமாகவும் இல்லை. வீங்கிய காலை லேசாகத் தூக்கிவைத்துக்கொண்டு, இவரைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்திலும் பயம்தான் இருந்தது. இத்தனை நாளில் அவளிடம் அதை அவர் பார்த்ததில்லை. இன்று கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பது அவளுடைய அக்காள் புருஷன். அவர் போனால் கரைக்குத் திரும்பிப்போய் அந்த வாசலில் நிற்க வேண்டியவள் இவள்.

டெய்லர் சொன்னார்.

"என்னை இழுத்துட்டா, நான் எப்படிக் கத்தினாலும் சரி, 'பிடி பிடி'ன்னு கெஞ்சினாலும் சரி, நீ வந்து என் கையைப் பிடிக்கக் கூடாது."

"அத்தான்..."

"சொல்லும்மா. நீ சொன்னாத்தான் என்னால இங்க நிக்க முடியும்."

அவள் முன்பக்கம் திரும்பி, முதுகை அவருக்குக் காட்டி, கியரில் கையை இறுக்கிக்கொண்டாள்.

"பிடிக்க மாட்டேன்" என்றாள்.

டெய்லர் முதல் கூண்டைத் தள்ளினார்.